பள்ளியில் என் மகள் நிரப்பிக் கொடுத்த நான்கு பக்கப் படிவம்

2023 ஜூலை மாதத்தில் ஒரு புதன்கிழமை மாலை, அப்போது ஏழாம் வகுப்பில் படித்துக்கொண்டிருந்த என் மகள், பையை இறக்கி வைத்துக்கொண்டே, "இன்னைக்குக் கணக்கு பீரியடே நடக்கலம்மா, சர்வே எழுதினோம்" என்றாள். வெளியிலிருந்து இரண்டு பேர் வந்ததாகவும், நான்கு பக்கப் படிவம் ஒன்றைக் கொடுத்ததாகவும், வகுப்பு மிஸ் கூடவே நின்று, "எல்லாக் கேள்விக்கும் உண்மையா எழுதணும், எதையும் காலியா விடக் கூடாது" என்று சொன்னதாகவும் கூறினாள். எழுதி முடித்தவர்களுக்கு ஆளுக்கொரு நீலப் பேனா கொடுத்திருந்தார்கள். நான் திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியின் கணக்குப் பிரிவில் வேலை செய்கிறேன். கணவர் சார்ஜாவில் இருக்கிறார். மாதக் கடைசி வேலையில் களைத்து வந்திருந்த நான், அந்தப் பேனாவை ஒருமுறை திருப்பிப் பார்த்துவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டேன். படிவத்தில் என்ன கேட்டார்கள் என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. அடுத்த எட்டு மாதங்கள் நான் பட்ட அலைச்சலுக்கெல்லாம் அந்தப் படிவமே தொடக்கம். அந்த நாட்களில் இதை அனுபவித்த ஒருவர் முன்கூட்டியே சொல்லியிருந்தால் எவ்வளவு நன்றாக இருந்திருக்கும் என்று பலமுறை நினைத்திருக்கிறேன். அதனால்தான் நடந்ததை நடந்த வரிசையிலேயே எழுதுகிறேன்.

பத்து நாள் கழித்து ஒரு பெண் என் கைபேசிக்கு அழைத்தார். என் மகளின் பெயரையும் வகுப்பையும் பிரிவையும் சரியாகச் சொல்லி, பள்ளியில் நடந்த திறனாய்வில் அவள் தேர்வாகியிருப்பதாகவும், அதுகுறித்துப் பெற்றோரிடம் நேரில் பேச வேண்டும் என்றும் கூறினார். வகுப்பு ஆசிரியரின் பெயரையும் சொன்னதால், பள்ளியிலிருந்தே பேசுகிறார்கள் என்று நான் முழுமையாக நம்பினேன். "சார் வெளிநாட்டுல இருக்கார் இல்லீங்களா மேடம், நீங்க ஞாயித்துக்கிழமை வீட்ல இருப்பீங்களா?" என்று அவர் கேட்டபோதுகூட, கணவர் வெளிநாட்டில் இருப்பது இவருக்கு எப்படித் தெரியும் என்று எனக்குத் தோன்றவில்லை. இந்த இடத்தில் ஒன்றைச் சொல்ல வேண்டும். முன்பின் தெரியாத ஒருவர் உங்கள் பிள்ளையைப் பற்றிய விவரங்களோடு பேச்சைத் தொடங்கினால், அந்த விவரங்கள் அவரை நம்புவதற்குக் காரணம் ஆகிவிடக் கூடாது. அவை அவரிடம் எப்படிப் போய்ச் சேர்ந்தன என்பதையே முதலில் கேட்க வேண்டும். அழைப்பைத் துண்டித்துவிட்டு, பள்ளி அலுவலகத்தின் எண்ணுக்கு நாமே அழைத்து விசாரிப்பது இரண்டு நிமிட வேலை. அதை நான் செய்யவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை ஓர் இளைஞரும் ஒரு பெண்ணும் மடிக்கணினியோடு வந்தார்கள். மிகவும் மரியாதையாகப் பேசினார்கள். முதலில் மகளை உட்கார வைத்து ஐந்து கணக்குகளைக் கொடுத்தார்கள். அவளால் ஒன்றைக்கூடப் போட முடியவில்லை. அவை ஒன்பதாம் வகுப்புக் கணக்குகள் என்பது பிற்பாடு அவளுடைய டியூஷன் ஆசிரியரிடம் காட்டியபோதுதான் தெரிந்தது. அவள் முகம் வாடிப்போயிருந்த அந்த நேரத்தில், அந்தப் பெண் பையிலிருந்து படிவத்தின் நகலை எடுத்து என் முன்னால் வைத்தார். "உனக்கு எதைக் கண்டால் பயம்?" என்ற கேள்விக்குக் கீழே, என் மகளின் சாய்ந்த கையெழுத்தில், "கணக்கு. அம்மாவுக்கு சொல்லித்தர நேரம் இல்லை. கேட்டா டென்ஷன் ஆவாங்க" என்று எழுதியிருந்தது. 'டென்ஷன்' என்ற சொல்லை முதலில் தப்பாக எழுதி, அடித்துவிட்டு, பக்கத்தில் சரியாக எழுதியிருந்தாள். அதைப் படித்த கணத்தில் என்னிடம் எதிர்த்துக் கேட்கும் தெம்பு எதுவும் மிஞ்சவில்லை. "குழந்தை இவ்வளவு மனசுல வச்சிருக்கா மேடம், வெளியில சொல்லல, அவ்வளவுதான்" என்று அந்தப் பெண் மெதுவாகச் சொன்னார். மகள் தலையைக் குனிந்துகொண்டு தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நாற்பது நிமிடங்களில் நான் கையெழுத்துப் போட்டுவிட்டேன்.

தொகையைச் சொல்கிறேன். வந்தவர்கள் இணையவழி வகுப்புகள் விற்கும் ஒரு நிறுவனத்தின் ஆட்கள். ஒரு டேப்லெட், இணையவழி வகுப்புகள், வாரம் ஒருமுறை தனி வழிகாட்டி, எல்லாம் சேர்த்து 44,000 ரூபாய். அன்றே 4,400 ரூபாய் கட்டினேன். மீதி மாதம் 2,200 ரூபாய் வீதம் 18 மாதங்கள். "மாசக் கட்டணம்தான் மேடம், பிடிக்கலைன்னா எப்ப வேணும்னாலும் நிறுத்திக்கலாம்" என்றார்கள். பான் அட்டையையும் ஆதாரையும் படம் எடுத்தார்கள். கைபேசிக்கு வந்த ஓடிபி எண்களை மூன்று முறை கேட்டு வாங்கினார்கள். ஒவ்வோர் எண்ணும் எதற்காக வருகிறது என்று அந்தக் குறுஞ்செய்தியிலேயே எழுதியிருந்தது. நாள் முழுவதும் ரசீதுகளைச் சரிபார்க்கும் நான் அன்று அதைப் படிக்கவில்லை. அந்த மூன்று எண்களில் ஒன்று ஒரு நிதி நிறுவனத்தில் என் பெயரில் கடன் எடுப்பதற்கான ஒப்புதல்; இன்னொன்று என் வங்கிக் கணக்கிலிருந்து மாதந்தோறும் தானாகப் பணம் எடுப்பதற்கான உத்தரவு. கல்வித் தொழில்நுட்ப நிறுவனங்களிடம் பணம் கட்டும்போது தானியங்கிப் பற்று வசதிக்கு ஒப்புக்கொள்ள வேண்டாம் என்று மத்தியக் கல்வி அமைச்சகம் 2021 டிசம்பரிலேயே பெற்றோருக்கு எச்சரிக்கை வெளியிட்டிருந்தது. என் பிள்ளையின் பள்ளியிலிருந்து எத்தனையோ சுற்றறிக்கைகள் வாட்ஸ்அப்பில் வந்திருக்கின்றன. இந்த எச்சரிக்கை ஒருமுறைகூட வந்ததில்லை.

வகுப்புகளைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. வழிகாட்டி மூன்று வாரம் அழைத்தார், பிறகு நின்றுவிட்டார். நான் நிறுத்திக்கொள்கிறேன் என்று அழைத்துச் சொன்னபோது, பதினைந்து நாட்களுக்குள் சொல்லியிருக்க வேண்டும் என்றார்கள். சரி, அடுத்த மாதத்திலிருந்து கட்டணம் எடுக்காதீர்கள் என்றேன். "அது கட்டணம் இல்லை மேடம், லோன். நீங்க ஃபைனான்ஸ் கம்பெனிகிட்டதான் பேசணும்" என்று பதில் வந்தது. அந்த நிதி நிறுவனத்தின் பெயரையே அன்றுதான் நான் முதன்முதலாகக் கேள்விப்பட்டேன். கணவரிடம் அன்றிரவு சொல்லத் துணிவில்லை. இரண்டு நாள் கழித்துச் சொன்னேன்.

அதன் பிறகே பள்ளிக்குப் போனேன். என் கோபம் முழுவதும் அந்த நிறுவனத்தின் மீதுதான் இருந்தது. பள்ளியில் ஆறுதலாக நாலு வார்த்தை சொல்வார்கள் என்றே எதிர்பார்த்தேன். "நாங்க விழிப்புணர்வு நிகழ்ச்சிக்கு அனுமதி கொடுத்தோம், அவ்வளவுதான். நீங்க வாங்கினதுக்கு ஸ்கூல் எப்படிப் பொறுப்பாகும்?" என்று முதல்வர் கேட்டார். அந்தப் படிவத்தின் காலிப் பிரதி ஒன்றைக் காட்டுங்கள் என்று கேட்டேன். அதைப் பார்ப்பதற்கு மூன்று முறை அரைநாள் விடுப்பு எடுத்துப் போக வேண்டியிருந்தது. மூன்றாம் முறை அலுவலக உதவியாளர் ஒரு கட்டிலிருந்து எடுத்துக் கொடுத்தார். மாணவரின் முழுப்பெயர், பிறந்த தேதி, தாய் தந்தை இருவரின் கைபேசி எண்கள், தொழில், "அப்பா உங்களோடு வசிக்கிறாரா?", சொந்த வீடா வாடகை வீடா, வீட்டில் கார் இருக்கிறதா, குடும்ப மாத வருமானம் எந்த வரம்பில், டியூஷனுக்கு மாதம் எவ்வளவு செலவாகிறது, வீட்டில் படிப்பு பற்றிச் சண்டை வருமா, உனக்கு எதைக் கண்டால் பயம், உன் வீட்டில் முடிவெடுப்பவர் யார். மொத்தம் 42 கேள்விகள். அவற்றில் படிப்பைப் பற்றியவை ஒன்பதே ஒன்பது. கடைசிப் பக்கத்தின் அடியில் சிறிய எழுத்தில், பெற்றோரின் ஒப்புதல் பள்ளி மூலம் பெறப்பட்டது என்ற ஒரு வரியும், அதன் அருகில் வகுப்பு ஆசிரியர் கையெழுத்திடுவதற்கான கட்டமும் இருந்தன. என் ஒப்புதலை நான் யாரிடமும் கொடுத்திருக்கவில்லை.

அந்தக் கட்டத்தைப் பார்த்துக்கொண்டு அலுவலக நாற்காலியில் சிறிது நேரம் உட்கார்ந்திருந்தேன். கடனைவிட இதுதான் என்னைச் சுட்டது. பன்னிரண்டு வயதுப் பிள்ளையிடம், வகுப்பறையில், ஆசிரியரின் முன்னால், "உண்மையாக எழுது, காலியாக விடாதே" என்று சொன்னால், அந்தப் பிள்ளையால் எப்படி மறுக்க முடியும்? பரீட்சைத் தாளுக்கும் இந்தத் தாளுக்கும் அவளுக்கு வேறுபாடு தெரியாது. ஆசிரியர் சொன்னால் கேட்க வேண்டும் என்று நாம்தான் சொல்லி வளர்த்திருக்கிறோம். அந்தக் கீழ்ப்படிதலை எங்கள் வீட்டுக் கதவைத் திறக்கும் சாவியாகப் பயன்படுத்திக்கொண்டார்கள்.

இதைச் சொல்வதால், பள்ளியில் நடக்கும் எல்லா ஆய்வுகளையும் நான் சந்தேகிக்கச் சொல்வதாக எண்ண வேண்டாம். அப்படி ஒரு காலம் எனக்கும் இருந்தது. பல் பரிசோதனை முகாமின் தாளைக்கூடக் கையெழுத்திடாமல் திருப்பி அனுப்பினேன். பிறகு நிதானமாகப் படித்துத் தெரிந்துகொண்டேன். பிள்ளைகள் எவ்வளவு கற்றிருக்கிறார்கள் என்று அளக்க மத்திய அரசு நடத்தும் தேசிய அடைவு ஆய்வு 2021 நவம்பர் 12 அன்று 3, 5, 8, 10 ஆம் வகுப்புகளுக்கு நடந்தது. அதே நோக்கத்தோடு 2024 டிசம்பர் 4 அன்று 'பரக்' தேசிய ஆய்வு 3, 6, 9 ஆம் வகுப்புகளுக்கு நடந்தது. இவற்றிலும் வினாத்தாளோடு சேர்த்து, பிள்ளையின் பின்னணி குறித்த கேள்விகள் உண்டு. ஆனால் முடிவுகள் மாவட்ட, மாநில, தேசிய அளவில்தான் தொகுக்கப்படுகின்றன. உங்கள் பிள்ளை இப்படி எழுதினாள் என்று யாரும் வீட்டுக்கு வருவதில்லை. 13 முதல் 15 வயது வரையுள்ள மாணவர்களிடம் புகையிலைப் பழக்கம் பற்றி 2019 இல் நம் நாட்டில் நான்காம் சுற்றாக நடந்த உலக இளையோர் புகையிலை ஆய்வில், நீ புகைபிடித்திருக்கிறாயா என்றே கேட்கிறார்கள். அவ்வளவு நுட்பமான கேள்வியை அங்கே கேட்க முடிவதற்குக் காரணம், அந்தத் தாளில் பிள்ளையின் பெயரை எழுதச் சொல்வதில்லை என்பதுதான். மருத்துவ, நலவாழ்வு ஆராய்ச்சிகளுக்கு இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2017 ஆம் ஆண்டு வழிகாட்டு நெறிகள் இருக்கின்றன; பெற்றோரின் ஒப்புதலோடு, 7 முதல் 12 வயது வரையுள்ள பிள்ளையிடம் வாய்மொழியாகவும், அதற்கு மேல் 18 வயது வரை எழுத்திலும் இசைவு பெற வேண்டும் என்று அவை கூறுகின்றன. பிள்ளைக்கே மறுக்க உரிமை உண்டு என்பதை ஒரு நெறிமுறையில் எழுதி வைத்திருக்கிறார்கள் என்று அறிந்தபோது எனக்கு ஆச்சரியமாகவும் வருத்தமாகவும் இருந்தது.

ஆகவே எனக்கு இப்போது ஓர் அளவுகோல் இருக்கிறது. பெயரும், பெற்றோரின் கைபேசி எண்ணும், குடும்பத்தின் வருமானமோ மனநிலையோ பற்றிய கேள்வியும் ஒரே தாளில் இருந்தால், அதற்கு என்ன பெயர் வைத்திருந்தாலும் நான் அதை ஆய்வு என்று ஏற்க மாட்டேன். மாணவர்களின் கருத்தை அறிய விரும்புபவருக்கு என் கைபேசி எண் தேவையில்லை. பள்ளிக்கு நிர்வாகத்துக்காக வேண்டிய விவரங்கள் வேறு; மாணவர் விவரங்களைப் பதியும் அரசின் எமிஸ் தளத்துக்காகப் பள்ளி கேட்கும் விவரங்களைக் கொடுக்கத்தான் வேண்டும். அவற்றைப் பெற்றோரிடம் கேட்கட்டும், பிள்ளையிடம் வகுப்பறையில் கேட்க வேண்டியதில்லை. மாணவர்களுக்கு மத்திய அரசு வழங்கும் அபார் அடையாள எண்ணுக்கான ஒப்புதல் படிவம் வந்தாலும், அதில் கையெழுத்திடுவதும் மறுப்பதும் பெற்றோரின் விருப்பம் என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

கடன் கதைக்குத் திரும்புகிறேன், ஏனெனில் இதே சிக்கலில் இப்போது இருப்பவர்களுக்கு அதுவே அவசரமானது. நான் செய்த பெரிய தவறு, நான்கு தவணைகள் போன பிறகு, கோபத்தில் கணக்கில் பணம் இல்லாமல் வைத்ததுதான். இரண்டு தவணைகள் திரும்பின. ஒவ்வொன்றுக்கும் வங்கி 590 ரூபாய் பிடித்தது. வசூல் அழைப்புகள் கம்பெனி நேரத்தில் வந்தன. முதலாளியின் எதிரில் கைபேசியை அணைத்து வைத்த நாட்கள் உண்டு. கடனை ஒழுங்காகக் கட்டுகிறோமா என்பதைக் காட்டும் சிபில் மதிப்பெண்ணும் இறங்கியது. தவணையை நிறுத்துவதற்கு முன்பே எழுத்து மூலம் புகார் கொடுத்திருக்க வேண்டும் என்பதைப் பக்கத்து மேசையில் வேலை செய்யும் அண்ணன் ஒருவர் சொல்லித்தான் தெரிந்துகொண்டேன். அதன் பிறகு நிதி நிறுவனத்தின் குறைதீர்ப்பு அதிகாரிக்கு மின்னஞ்சல் அனுப்பினேன்: கடன் என்று எனக்குச் சொல்லப்படவில்லை, கடனின் வட்டியும் மொத்தச் செலவும் எழுதிய முக்கிய விவர அறிக்கை எனக்குக் காட்டப்படவில்லை, கையெழுத்திட்ட நாளில் எனக்கு அனுப்பிய ஆவணங்களின் நகல்களைக் கொடுங்கள் என்று மூன்றே விஷயங்கள். ரிசர்வ் வங்கி 2022 செப்டம்பரில் வெளியிட்டு, அப்போது நடப்பில் இருந்த டிஜிட்டல் கடன் விதிகளின்படி அந்த விவர அறிக்கையைக் கடன் வாங்குபவருக்கு முன்கூட்டியே கொடுக்க வேண்டும். தொடக்க நாட்களில் அபராதம் இல்லாமல் விலகுவதற்கான அவகாசமும் தர வேண்டும். கையெழுத்திட்ட மறுநாளே இதை அறிந்திருந்தால் அந்த அவகாசத்துக்குள்ளேயே நான் வெளியே வந்திருப்பேன். முப்பது நாளில் உரிய பதில் வராவிட்டால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் இணையம் வழியாகக் கட்டணமின்றி முறையிடலாம் என்பதையும் அந்த மின்னஞ்சலிலேயே குறிப்பிட்டேன். அதே நாளில் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915 இல் வகுப்புகளை விற்ற நிறுவனத்தின் மீது புகார் பதிந்தேன். அந்த இரண்டு புகார் எண்களும் கைக்கு வந்த பிறகுதான், அதுவரை என்னிடம் அதட்டலாகப் பேசியவர்களின் குரல் மாறியது.

2024 மார்ச்சில் டேப்லெட்டைத் திருப்பி வாங்கிக்கொண்டு, மீதிக் கடனை வகுப்புகளை விற்ற நிறுவனமே கட்டி முடித்தது. நிலுவை இல்லை என்ற சான்றை எழுத்தில் கேட்டு வாங்கினேன். இதைக் கட்டாயம் வாங்க வேண்டும். வாய்ப்பேச்சை நம்பிவிட்டால் ஓராண்டு கழித்து வீட்டுக்கடன் கேட்கும்போது பழைய நிலுவை முளைக்கும். எனக்குப் போனது முன்பணம் 4,400, நான்கு தவணைகள் 8,800, வங்கி அபராதம் 1,180, ஆக 14,380 ரூபாய். பதினோரு அரைநாள் விடுப்புகள் அதில் சேரவில்லை.

சேராத இன்னொன்றும் இருக்கிறது. அந்த மாதங்களில் ஓர் இரவு, விளக்கை அணைத்த பிறகு, மகள் என்னிடம், "நான் அப்படி எழுதினதாலதானேம்மா பணம் போச்சு?" என்று கேட்டாள். இல்லை என்று சொன்னேன், பலமுறை சொன்னேன். ஆனால் அதற்குப் பிறகு பள்ளியில் 'என் குடும்பம்' பற்றிக் கட்டுரை எழுதச் சொன்னபோது அவள் நான்கு வரிகளோடு நிறுத்திக்கொண்டதைப் பார்த்தேன். இது உங்கள் வீட்டில் நடந்தால், முதலில் பிள்ளையிடம் பேசுங்கள். நீ உண்மையை எழுதியது தவறில்லை, கேட்கக் கூடாததைக் கேட்டவர்கள் மீதுதான் தவறு என்று அந்தச் சொற்களிலேயே சொல்லுங்கள். நான் பணத்தின் பின்னால் ஓடியதில் இதைத் தாமதமாகச் செய்தேன். அவளுக்குக் கணக்குச் சொல்லித்தர இப்போது ஞாயிற்றுக்கிழமை காலையை ஒதுக்கியிருக்கிறேன்.

2024 ஜூனில் பள்ளி திறந்த வாரத்தில் முதல்வருக்கு ஒரு கடிதம் எழுதிக் கொடுத்து, நகலில் முத்திரையும் தேதியும் வாங்கிக்கொண்டேன். அதில் நான்கு வாக்கியங்கள்தான். பள்ளியின் சொந்தப் பாடத் தேவைக்கு அப்பாற்பட்ட எந்த ஆய்வு, படிவம், திறனறித் தேர்வு, போட்டிப் பதிவு ஆகியவற்றிலும் என் எழுத்துப்பூர்வ ஒப்புதல் இல்லாமல் என் மகளைச் சேர்க்க வேண்டாம்; காலிப் படிவத்தை மூன்று நாள் முன்னதாக எனக்கு அனுப்புங்கள்; படிவத்தை யார் நடத்துகிறார்கள், விவரங்கள் யாரிடம் போகின்றன என்பதைக் குறிப்பிடுங்கள்; நான் ஒப்புதல் தராதபோது அவளை நூலகத்தில் அமர வையுங்கள், வகுப்பின் முன் காரணம் கேட்க வேண்டாம். கடைசி வாக்கியம் மிக முக்கியமானது. பிள்ளை தனித்து நிற்க நேரும் என்ற அச்சத்தினாலேயே பல பெற்றோர் பேசாமல் இருந்துவிடுகிறோம். கடிதத்தைத் தனியாகக் கொடுப்பதைவிட நான்கைந்து பெற்றோர் சேர்ந்து கொடுத்தால் நல்லது. பள்ளி செவிசாய்க்காவிட்டால் மாவட்டக் கல்வி அலுவலருக்கு எழுதலாம். 14417 என்ற கல்வித் துறை உதவி எண்ணிலும் சொல்லலாம். மகளிடமும் ஒரு வாக்கியம் சொல்லிக் கொடுத்திருக்கிறேன்: "இதை வீட்ல கேட்டுட்டு எழுதுறேன் மிஸ்." மரியாதைக் குறைவு இல்லாத வாக்கியம். இரண்டு முறை அவள் அதைச் சொல்லியிருக்கிறாள்; இரண்டு முறையும் யாரும் அவளைத் திட்டவில்லை.

சட்டமும் மெல்ல வந்துகொண்டிருக்கிறது. 2023 ஆகஸ்டில் நிறைவேறிய டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், 18 வயது நிறையாதவரின் விவரங்களைக் கையாளப் பெற்றோரின் சரிபார்க்கத்தக்க ஒப்புதல் வேண்டும் என்கிறது. பிள்ளைகளைக் குறிவைத்து விளம்பரம் செய்வதைத் தடுக்கிறது. பிள்ளைகள் தொடர்பான கடமைகளை மீறினால் 200 கோடி ரூபாய் வரை அபராதம் விதிக்க இடம் தருகிறது. அதன் விதிகள் 2025 நவம்பரில்தான் அறிவிக்கப்பட்டன; முக்கியக் கடமைகள் நடைமுறைக்கு வர அதிலிருந்து பதினெட்டு மாத அவகாசம் கொடுத்திருக்கிறார்கள். என் மகள் அந்தத் தாளை எழுதிய புதன்கிழமைக்கும் இதற்கும் இடையில் எத்தனை வகுப்பறைகளில் எத்தனை தாள்கள் நிரம்பியிருக்கும் என்று எண்ணிப் பார்க்கிறேன்.

அந்தப் படிவத்தை அழித்துவிட்டோம் என்று எழுதித் தாருங்கள் என நிறுவனத்திடம் மூன்று முறை கேட்டேன். அழித்துவிட்டோம் என்று தொலைபேசியில் சொன்னார்கள்; எழுத்தில் இன்றுவரை எதுவும் வரவில்லை. போன மாதம் வேறொரு பயிற்சி மையத்திலிருந்து அழைத்தவர், மகளின் பெயரைச் சொல்லி, "இப்ப ஒன்பதாவது முடிக்கிறாங்க இல்லீங்களா மேடம், மேத்ஸ்ல கொஞ்சம் பயம்னு கேள்விப்பட்டோம்" என்றார். எங்கே கேள்விப்பட்டீர்கள் என்று கேட்டேன். அழைப்பைத் துண்டித்துவிட்டார். தொல்லை அழைப்புகளுக்கான 1909 என்ற எண்ணில் அந்த எண்ணைப் புகார் செய்துவிட்டு, தேதியோடு என் குறிப்பேட்டில் எழுதி வைத்திருக்கிறேன்.